கிணற்றடியில் சிந்திய துளி! – உறவினர் வீட்டில் தங்கப் போகிறீர்களா?

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? வேலப்பன்சாவடியில் வலப்புறம் திரும்பினால் திருவேற்காடு. நேரே போனால் பூவிருந்தவல்லி. நாம் பேச்சுவழக்கில் சொல்லும் பூந்தமல்லி! அதைத் தாண்டினால் திருமழிசை. இன்னும் சற்று தூரத்தில் ஸ்ரீபெரும்புதூர்.

ஒரே பாதையில் அமைந்த இந்த நான்கு ஊர்களும் நான்கு மகான்களை நமக்குத் தந்தவை. திருவேற்காடு, மூர்க்க நாயனார் பிறந்த தலம். பூவிருந்தவல்லி, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு விசிறி வீசித் தொண்டு செய்த திருக்கச்சி நம்பிகளின் ஊர். திருமழிசை, திருமழிசையாழ்வார் அவதரித்த திருத்தலம். ஸ்ரீபெரும்புதூர், 1017-ம் ஆண்டில் ராமானுஜர் அவதரித்த புண்ணிய பூமி.

இந்த நால்வரின் சரித்திரத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. நான்கிலுமே விருந்து வருகிறது! ஒருவர் விருந்திட்டவர். ஒருவர் அழையாத திண்ணையில் அமர்ந்தவர். ஒருவர் அழைப்பின் பேரில் உண்ணப் போனவர். இன்னொருவர் வீட்டிலோ, விருந்தினர் தங்கியிருந்தபோது கிணற்றடியில் எழுந்த ஒரு சச்சரவு, கடைசியில் அந்தக் குடும்பத்தையே பிரித்தது.

அந்த மகான்கள் நடந்த மண்ணில்தான் இன்று ஆவடியும் அம்பத்தூரும் பூந்தமல்லியும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக நிமிர்ந்து நிற்கின்றன. ஆடி மாதம் வந்தால் கருமாரியம்மனைத் தரிசிக்க ஊரிலிருந்து உறவினர் வருவார்கள். கோடை விடுமுறைக்குக் குழந்தைகளோடு நாத்தனார் வருவார். சிகிச்சைக்காக ஒரு மாமா வருவார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை தேடி அக்கா மகன் வருவான். நாமும் அதேபோல மதுரைக்கோ, கோவைக்கோ, பெங்களூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கோ போய்த் தங்குவோம். ஒரு மாதம் விருந்திடுபவராக இருக்கும் நாமே, அடுத்த மாதம் விருந்தினர்!

விருந்தோம்பலைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். விருந்தினராக எப்படி நடந்துகொள்வது? அதை இந்த மகான்களின் வாழ்க்கையிலிருந்தே பார்ப்போமா?

அதிதி யார்?

வடமொழியில் விருந்தினரை ‘அதிதி’ என்கிறோம். ‘திதி’ என்றால் நாள். நாள் குறித்துச் சொல்லாமல் வருபவர் என்றும், ஒரு நாளுக்கு மேல் தங்காதவர் என்றும் இதற்குப் பொருள் சொல்வார்கள். ஓர் இரவு மட்டும் தங்குபவரே அதிதி என்கிறது மனு ஸ்மிருதி. தமிழிலும் ‘விருந்து’ என்ற சொல்லுக்கு ‘புதுமை’ என்பதே ஆதிப் பொருள். புதிதாக வந்தவருக்குத்தான் அந்தப் பெயர்.

ஆக, இரண்டு மொழிகளுமே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் சொல்கின்றன. விருந்துக்கு ஒரு கால அளவு உண்டு. வந்த புதிதில் இருந்த புதுமை தீர்ந்த பிறகும் தங்க வேண்டியிருந்தால், நாம் விருந்தினர் என்ற நிலையிலிருந்து அந்த வீட்டின் பாரத்தைப் பகிர்ந்துகொள்பவர் என்ற நிலைக்கு மாறிவிட வேண்டும். மாறாவிட்டால்தான் சங்கடம்.

திருக்குறளில் ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். முகர்ந்தால் வாடிவிடும் அனிச்சமலர். விருந்தினரோ, வரவேற்பவரின் முகம் வேறுபட்டாலே வாடிவிடுவார் என்கிறார் வள்ளுவர். அதை அடுத்து அவர் வைத்த பத்தாவது அதிகாரம் எது தெரியுமா? இனியவை கூறல்! விருந்தோம்பலையும் இனிய சொல்லையும் அவர் அடுத்தடுத்து வைத்திருப்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது நமக்கு உதவும்.

கடைப்பந்தியில் உண்டவர்

முதலில் திருவேற்காடு.

இங்கே வேளாளர் குலத்தில் பிறந்த மூர்க்க நாயனார், சிவனடியார்களுக்கு அமுது படைத்த பிறகே தாம் உண்பது என்று நியமம் வைத்திருந்தார். நாளுக்கு நாள் அடியார் கூட்டம் பெருகியது. கையிருப்பு கரைந்தது. நிலங்களை விற்றார். மற்ற உடைமைகளையும் விற்றார். விற்க இனி ஒன்றுமில்லை என்றானதும், முன்பு கற்றிருந்த சூதாட்டத்தில் இறங்கி, அதில் வந்த பொருளைக் கொண்டு அன்னமிட்டார்.

உள்ளூரில் அவரோடு ஆடுவதற்கு ஆளில்லாமல் போனதும் ஊர் ஊராகச் சென்று, முடிவில் குடந்தையை அடைந்தார். தோற்றவர்கள் பணம் தர மறுத்தால் உடைவாளை உருவிவிடுவார். அதனால்தான் அவருக்கு மூர்க்கர் என்று பெயர் வந்தது. ஆனால், வென்ற பணத்தைத் தம் கையால் தீண்ட மாட்டார். சமையல் செய்பவர்களே அதை எடுத்துக்கொண்டு அமுது சமைப்பார்கள். அடியார்கள் அனைவரும் உண்ட பிறகு, கடைப்பந்தியில்தான் அவர் உண்பார்.

அது தெய்வத் தொண்டு. நாம் எடைபோடக் கூடாது. ஆனால், விருந்தினராகப் போகும் நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இலையில் விழும் சோறு எங்கிருந்து வருகிறது, அதற்காக யார் எதை விற்றார் என்பது உண்பவர் கண்ணில் படாது. படைப்பவர் அதைச் சொல்லவும் மாட்டார்.

மாதக் கடைசியில் நாம் போய் இறங்கும் வீட்டில், கேஸ் சிலிண்டர் தீரும் தறுவாயில் இருக்கலாம். பள்ளிக் கட்டணம் கட்டியதில் கை இறுகியிருக்கலாம். குடிக்கிற கேன் தண்ணீரும் காசு கொடுத்து வாங்குவதாக இருக்கலாம். ‘இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்களேன்’ என்று அந்த வீட்டுப் பெண் சிரித்த முகத்தோடுதான் சொல்வார். சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியது நம் கடமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றும் நம் வீடுகளில் கடைப்பந்தியில் உண்பவர் யார்? குடும்பத் தலைவிதான்! எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆறிய சாதத்தோடும் அடி ரசத்தோடும் தனியாக உட்காருபவர் அவர். விருந்தினராகப் போன நாள்களில் ஒருவேளையாவது, ‘அண்ணி, நீங்க முதல்ல உட்காருங்க, நான் பரிமாறுறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் வாங்கிப் போன ஸ்வீட் பாக்ஸைவிட அது அவர் மனதில் நெடுநாள் நிற்கும்.

திண்ணையில் அமர்ந்தவர்

அடுத்தது திருமழிசை.

திருமழிசையாழ்வாரை எடுத்து வளர்த்தவர், மூங்கில் பிரம்பு வேலை செய்யும் குலத்தைச் சேர்ந்தவர். ஆழ்வார் குடந்தை ஆராவமுதனைத் தரிசிக்கப் போகும் வழியில், பெரும்புலியூர் என்ற ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் சற்று அமர்ந்தார். அங்கே வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள், அவரது பிறப்பை நினைத்துச் சட்டென ஓதுவதை நிறுத்திவிட்டார்கள். குறிப்பை உணர்ந்த ஆழ்வார், ஒன்றும் பேசாமல் திண்ணையை விட்டு இறங்கினார்.

மறுபடி ஓதத் தொடங்கியவர்களுக்கு, விட்ட இடம் நினைவுக்கு வரவில்லை! தடுமாறினார்கள். ஆழ்வார் அவர்களைக் கேலி செய்யவில்லை. ‘நான் சொல்லித் தருகிறேன்’ என்று முன்னே வரவும் இல்லை. ஒரு கறுப்பு நெல்லை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். அவர்கள் மறந்த வேத வாக்கியத்துக்கு அதுவே குறிப்பு. வாக்கியம் நினைவுக்கு வந்ததும், தங்கள் தவறை உணர்ந்து அவர் திருவடிகளில் விழுந்தார்கள்.

வேண்டாத இடம் என்று தெரிந்ததும் எழுந்துகொண்டார். போகும்போதும் அந்த வீட்டாருக்கு ஓர் உதவியை விட்டுச் சென்றார். அதையும் அவர்கள் தலைகுனியாதபடி செய்தார். விருந்தினர் இலக்கணம் இதைவிட உயர்வாக இருக்க முடியுமா?

நம்பிகள் உண்ட இலை

இனி பூவிருந்தவல்லி மகானின் கதை.

திருக்கச்சி நம்பிகள், பேரருளாளனான வரதனோடு நேரில் பேசும் பேறு பெற்றவர். வைசிய குலத்தில் பிறந்தவர். அப்போது காஞ்சியில் மனைவி தஞ்சமாம்பாளோடு இல்லறம் நடத்திவந்த இளையாழ்வார், அதாவது ராமானுஜர், அவரையே குருவாகக் கருதினார். நம்பிகள் உண்ட மிச்சத்தைப் பிரசாதமாக உண்ண வேண்டும் என்பது அவரது ஆசை. அதற்காகவே நம்பிகளைத் தம் இல்லத்துக்கு அமுது செய்ய அழைத்தார்.

அன்று சமையல் தயாரானதும், நம்பிகளை அழைத்துவர இளையாழ்வார் ஒரு தெரு வழியாகச் சென்றார். நம்பிகளோ வேறு தெரு வழியாக வீட்டுக்கே வந்துவிட்டார். கோயில் கைங்கர்யத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவர் சொல்ல, தஞ்சமாம்பாள் பரிமாறினார். நம்பிகள் உண்டு புறப்பட்டார். அவர் போனதும் இலையை அப்புறப்படுத்தி, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, நீராடி, கணவருக்காகப் புதிதாகச் சமைக்கத் தொடங்கிவிட்டார் அந்த அம்மையார். திரும்பி வந்த இளையாழ்வார் மனம் நொந்துபோனார்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டுக்கு எல்லை உண்டு. எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவது, எந்தப் பாத்திரத்தைப் புழங்குவது, பூஜை அறைக்குள் யார் எப்போது போவது என்பதெல்லாம் அந்த வீட்டின் ஒழுங்கு. அதை வகுக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. ஆனால், வந்தவரின் பிறப்பைப் பார்த்து எல்லை போடுவது ஒழுங்கு ஆகாது. அது ஏற்றத்தாழ்வு. பெரும்புலியூர் திண்ணையிலும் காஞ்சி வீட்டிலும் நடந்தது இதுதான். இரண்டு இடங்களிலும் தாழ்ந்து போனது விருந்தினர் அல்ல!

இன்றைக்கு நாம் சாணமிட்டு மெழுகுவதில்லை. ஆனால், சிலருக்கென்று தனி டம்ளர் எடுத்து வைக்கிற வழக்கம் எங்காவது நம் சமையலறை ஓரத்தில் ஒளிந்திருக்கிறதா? மனதைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

நம்பிகள் என்ன செய்தார்? மனதில் எந்த வருத்தமும் வைத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் இளையாழ்வாருக்குச் சந்தேகங்கள் எழுந்தபோது, வரதனிடம் விண்ணப்பித்து, புகழ்பெற்ற ஆறு வார்த்தைகளைப் பெற்றுத் தந்தவர் அவரேதான். பெரிய நம்பிகளை ஆசார்யராகக் கொள்ள வேண்டும் என்பது அந்த ஆறில் ஒன்று. உண்ட வீட்டுக்கு நன்றி காட்டுவது என்பது இதுதான்.

ஆறு மாத விருந்து

பெரிய நம்பிகள் ஸ்ரீரங்கத்திலிருந்து மனைவியோடு புறப்பட்டு வர, இளையாழ்வார் அவரை மதுராந்தகத்தில் சந்தித்தார். ஏரிகாத்த ராமர் கோயிலில், மகிழ மரத்தடியில் அவருக்கு உபதேசம் நடந்தது. அங்கிருந்து எல்லோரும் காஞ்சிக்கு வந்தார்கள். குருநாதரும் அவர் மனைவியும் இளையாழ்வாரின் இல்லத்திலேயே தங்கினார்கள். ஆழ்வார்களின் பாசுரங்களை ஆசார்யர் சொல்ல, சீடர் கேட்க, ஆறு மாதங்கள் ஆனந்தமாகக் கழிந்தன.

ஆண்களுக்கு ஆனந்தம்தான். கிணறு ஒன்று, பெண்கள் இருவர்!

ஒருநாள் இருவரும் தண்ணீர் எடுக்கப் போனார்கள். பெரிய நம்பிகளின் மனைவியின் குடத்திலிருந்து சில துளிகள் தஞ்சமாம்பாளின் குடத்தில் தெறித்துவிட்டன. வந்ததே கோபம்! ‘எங்கள் குலம் என்ன, உங்கள் குலம் என்ன?’ என்ற ரீதியில் வார்த்தைகள் தடித்தன. இதைக் கேள்விப்பட்ட பெரிய நம்பிகள், சீடரிடம் சொன்னால் அவர் மனம் புண்படுமே என்று எண்ணினார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் மனைவியை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் திரும்பிவிட்டார். குருநாதருக்காகப் பழங்கள் வாங்கி வந்த இளையாழ்வார் கண்டது, வெறிச்சோடிய வீட்டைத்தான்.

பசித்து வந்த ஓர் அடியாருக்கு, வீட்டில் சோறு இருந்தும் இல்லை என்று தஞ்சமாம்பாள் சொன்னதாக இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. இவற்றுக்குப் பிறகுதான் ராமானுஜர் மனைவியைப் பிறந்தகம் அனுப்பிவிட்டு, வரதன் சந்நிதியில் துறவு பூண்டார். உலகுக்கு ஒரு மகாசார்யர் கிடைத்தார் என்பது தெய்வ சங்கல்பம். ஆனால், ஓர் இல்லறம் முடிந்துபோனது என்பதும் உண்மை.

காலங்காலமாக இந்தக் கதையைச் சொல்லும்போது, தஞ்சமாம்பாளைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். குலத்தைச் சொல்லி ஏசியது பெருந்தவறு; அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், குடும்பம் நடத்துகிற நமக்கு, அந்தக் கிணற்றடியை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கத் தோன்றுகிறது அல்லவா?

ஆறு மாதம் என்பது ஏறக்குறைய 180 நாள்கள். அத்தனை நாளும் அடுப்படியையும் கிணற்றையும் இன்னொரு பெண்ணோடு பங்கிட்டுக்கொள்வது எளிதல்ல. சண்டைக்குக் காரணம் அன்று தெறித்த துளிதானா? அதற்கு முன்பு எத்தனை நாள், எத்தனை சின்னச் சின்ன விஷயங்கள் சொல்லப்படாமல் மனதுக்குள் சேர்ந்திருக்கும்! பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. சொல்ல வேண்டியதை இதமாக, முன்கூட்டியே சொல்லாததால், ஒருநாள் அது சொல்லக் கூடாத வார்த்தையாக வெடித்துவிடுகிறது.

பெரிய நம்பிகளிடம் கற்க வேண்டியதும் இருக்கிறது. புறப்பட்டவர், புகார் சொல்லிவிட்டுப் புறப்படவில்லை. கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே ஒரு வார்த்தையைக்கூடப் போட்டுவிட்டுப் போகவில்லை. தங்கிய வீட்டில் பட்ட மனக்காயத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிகிற நமக்கு அது எவ்வளவு பெரிய பாடம்!

மாதரி செய்த ஏற்பாடு

அப்படியானால், இரண்டு பெண்கள் ஓர் இடத்தில் மனம் கோணாமல் இருக்க வழியே இல்லையா? உண்டு. சிலப்பதிகாரத்தில் இருக்கிறது.

கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்தபோது, கவுந்தியடிகள் அவர்களை இடையர் குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி என்ன செய்தாள் தெரியுமா? அவர்களுக்கென்று தனியாக ஒரு சிறு மனையை ஒதுக்கித் தந்தாள். வந்தவர்கள் நோன்பு நெறி உடையவர்கள் என்பதால், புழங்காத புதுப் பாத்திரங்களைக் கொடுத்தாள். அரிசி, காய், கனி, பால், மோர் எல்லாம் கொடுத்தாள். துணைக்குத் தன் மகள் ஐயையையும் விட்டாள். கண்ணகி தன் கையாலேயே சமைத்துக் கணவனுக்குப் பரிமாறினாள்.

விருந்தினரின் நியமம் என்ன என்பதை உணர்ந்து, அதற்கு ஏற்றாற்போல அடுப்பையும் பாத்திரத்தையும் பிரித்துக் கொடுத்துவிட்டாள். பிரித்துக் கொடுத்ததில் பாசம் குறையவில்லை. தெளிவான எல்லை, அன்புக்கு வேலிதானே தவிர சுவர் அல்ல!

இன்றைய இரண்டு அறை ஃப்ளாட்டில் தனி மனைக்கு எங்கே போவது என்கிறீர்களா? ஓர் அலமாரித் தட்டை ஒழித்துக் கொடுக்கலாம். ‘அத்தை, காலையில ஆறரைக்கு மேல பாத்ரூம் உங்களுக்குத்தான்’ என்று ஒரு நேரத்தை ஒதுக்கலாம். மாதரியின் மனம் இருந்தால் போதும்.

தங்கப் போகும்போது... ஐந்து எல்லைகள்

இந்தப் பெரியவர்களின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை:

1. நாள்: வரும் நாளை மட்டுமல்ல, கிளம்பும் நாளையும் முன்பே சொல்லிவிடுங்கள். ‘வெள்ளிக்கிழமை கருமாரியம்மனைச் சேவிச்சுட்டு, சனிக்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்பறோம் சித்தி’ என்றால் அவர் நிம்மதியாகத் திட்டமிடுவார். சிகிச்சை போன்ற காரணத்தால் நாள் நீண்டால், நீங்களே பேச்சை எடுங்கள். பால், காய்கறிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். பணமாகக் கொடுத்தால் வாங்கத் தயங்குவார்கள். கடைக்குப் போய் வாங்கி வந்து வைத்துவிட்டால் பேச்சே இல்லை.

2. தண்ணீர்: அன்று கிணறு, இன்று மாடித் தொட்டி. மோட்டார் எப்போது போடுவார்கள், பள்ளிக்கும் முதல் ஷிஃப்டுக்கும் கிளம்புபவர்கள் எப்போது குளிப்பார்கள் என்று முதல் நாள் இரவே கேட்டுக்கொள்ளுங்கள். விரதம் இருப்பதால் விடியலில் நீராட வேண்டும் என்றால், அவர்கள் எழுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். விரதத்தின் பலன், அடுத்தவரை வாசலில் காத்திருக்க வைத்தால் வந்து சேருமா?

3. அடுப்பு: உதவி செய்யத்தான் போகிறோம் என்றாலும், கேட்ட பிறகே சமையலறையில் கை வையுங்கள். டப்பாக்களை இடம் மாற்றுவது, ‘எங்க வீட்டுல சாம்பார் இப்படி வைக்க மாட்டோம்’ என்பது போன்றவை வேண்டாம். வெங்காயம், பூண்டு சேர்க்காத நாள் என்றால் முந்தைய நாளே சொல்லுங்கள். எல்லாம் சமைத்து முடித்த பிறகு, ‘இன்னிக்கு எனக்கு ஏகாதசி’ என்றால் அந்தப் பெண் என்ன செய்வார்?

4. பூஜை அறை: கோயிலுக்குப் போனால் அர்த்த மண்டபத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறோம். கர்ப்பகிரகத்துக்குள் நுழைவதில்லை. வீட்டுப் பூஜை அறைக்கும் அந்த மரியாதை உண்டு. விளக்கேற்றுவது, படங்களை நகர்த்துவது, நிர்மால்யம் களைவது எல்லாம் அந்த வீட்டாரின் உரிமை. விலக்கு நாள்களில் அந்த வீட்டு வழக்கம் என்ன என்று வெளிப்படையாகக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். நம் வீட்டு வழக்கத்தை அங்கே கொண்டுபோய்ப் புகுத்த வேண்டாம். அங்கே இல்லாத கட்டுப்பாட்டை, ‘நீ ஏன் கடைப்பிடிக்கலை’ என்று மருமகளிடம் கேட்கவும் வேண்டாம்.

5. வாய்: நான்கு நாள் ஒரு வீட்டில் தங்கினால், அந்த வீட்டின் சண்டை, கடன், பிள்ளையின் மதிப்பெண் எல்லாம் காதில் விழத்தான் செய்யும். அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்து தங்கப் போகும் வீட்டில் அதைப் பிரசாதம்போல விநியோகிக்க வேண்டாம். பெரிய நம்பிகள் காத்த மௌனத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

விருந்திடுபவர் கவனத்துக்கு...

எல்லையை மதிப்பது வந்தவரின் கடமை. அதை இதமாகத் தெரிவிப்பது நம் கடமை. வந்த முதல் நாள் மாலையிலேயே, காபி கொடுக்கும்போது, வீட்டு நடைமுறையைச் சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். ‘மோட்டார் அஞ்சரைக்குப் போடுவோம் அண்ணி’, ‘பாப்பாவுக்குப் பரீட்சை, ராத்திரி ஒன்பதுக்கு மேல டி.வி. போட மாட்டோம்’ என்று முதல் நாள் சொன்னால் அது தகவல். பத்தாம் நாள் சொன்னால் அது குத்தல்! விருந்தோம்பலை அடுத்து இனியவை கூறலை வள்ளுவர் வைத்ததை இப்போது நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரிலிருந்து யாரையாவது தங்க அழைப்பதற்கு முன், வீட்டில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அழைப்பது நீங்கள், அடுப்படியில் நிற்பது அவர். இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி, மேஜை மேல் திறந்து வைத்தாலும் தவறில்லை!

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். வயதான மாமனார் மாமியாரோ, நம்மைப் பெற்றவர்களோ நம் வீட்டுக்கு வந்தால், அவர்கள் விருந்தினர் அல்ல. அவர்களிடம் கிளம்பும் நாளைக் கேட்கக் கூடாது. அவர்களுக்கு நம் வீட்டில் இருப்பது உரிமை.

தங்கியவர் கிளம்பும்போது, படுத்த பாயைச் சுருட்டி, போர்வையை மடித்து வைத்துவிட்டு, வீட்டுப் பெண்மணியிடம் முகம் பார்த்து விடைபெற வேண்டும். வீட்டுப் பெண்மணி மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, ஒரு முழம் பூ கொடுத்து அனுப்ப வேண்டும். ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வரேன்’ என்கிறோமே... மறுபடி வருவதற்கு இடம் வைத்துவிட்டுப் போவதுதான் அதன் பொருள்.

பூவிருந்தவல்லியில், வரதராஜப் பெருமாள் புஷ்பவல்லித் தாயாரோடு அருள்பாலிக்கிறார். திருக்கச்சி நம்பிகளுக்கும் அங்கே சந்நிதி உண்டு. மாசி மாதம் மிருகசீரிஷ நட்சத்திரம் நம்பிகளின் திருநட்சத்திரம். அன்று போக முடிந்தால் விசேஷம். முடியாவிட்டால், அந்தப் பக்கம் போகும் ஏதாவது ஒருநாளில் ஒரு முழம் பூவோடு போய்ச் சேவித்துவிட்டு வாருங்கள்.

உண்ட இலையின் மேல் அவமதிப்பு விழுந்தும், அந்த வீட்டுக்கு நன்மையையே திருப்பிக் கொடுத்தவர் அவர். ‘நான் தங்கும் வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாது, என் வீட்டில் தங்குபவர் முகம் வாடக் கூடாது’ என்று அவர் சந்நிதியில் வேண்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கிணற்றடியில் துளி சிந்தினாலும், அது வெறும் தண்ணீராகவே இருக்கும்!